கார் இன்சூரன்ஸில் தவறான தகவல் போயிருக்கிறதா? விபத்துக்கு முன்பே சரிசெய்யும் வழி

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இன்சூரன்ஸைப் பெரும்பாலும் விற்பவரோ ஏஜென்டோதான் முடித்துக் கொடுக்கிறார்கள். என் தங்கை கணவர் கார் வாங்கியபோதும் அப்படித்தான் நடந்தது. வாட்ஸ்அப்பில் பாலிசி வந்தது, பிரீமியமும் குறைவாக இருந்தது. சில மாதங்களில் காரின் முன்பக்கம் நொறுங்கி ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. போன வருடம் க்ளெய்ம் எதுவும் இல்லை என்று படிவத்தில் நிரப்பி, 35 சதவீதத் தள்ளுபடி வாங்கியிருக்கிறார் ஏஜென்ட். உண்மையில் பழைய உரிமையாளர் அதே வருடம் க்ளெய்ம் வாங்கியிருந்தார். கம்பெனி பணம் தர மறுத்தது. அதற்காக நாங்கள் அலைந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். முதல்முறை கார் வாங்குபவர்களும், செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களும் அவசியம் படியுங்கள்.

1. பாலிசியோடு ப்ரொபோசல் ஃபார்மையும் கேட்டு வாங்குங்கள்

நம் கையில் இருப்பது பெரும்பாலும் பாலிசியின் முதல் இரண்டு பக்கம் மட்டும்தான். அது போதாது. இந்த நான்கும் உங்களிடம் இருக்க வேண்டும்: முழு பாலிசி, ப்ரொபோசல் ஃபார்மின் (பாலிசி எடுக்க நிரப்பும் விண்ணப்பம்) நகல், முந்தைய வருடப் பாலிசி, ஆர்.சி.

ப்ரொபோசல் ஃபார்மில்தான் உங்கள் பெயரில் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பது தெரியும். ஏஜென்டிடம் கேட்டால் "அதெல்லாம் ஆன்லைன் சார், ஃபார்ம் கிடையாது" என்பார். ஆன்லைனில் எடுத்தாலும் நிரப்பிய விவரங்கள் கம்பெனியிடம் இருக்கும். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்குப் பாலிசி எண்ணைப் போட்டு எழுதுங்கள், அனுப்புவார்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

பாலிசிப் புத்தகத்தின் கடைசியில் நிபந்தனைகள் என்று ஒரு பகுதி வரும். ப்ரொபோசலில் சொன்ன பதில்கள் உண்மையாக இருந்தால்தான் கம்பெனிக்குப் பொறுப்பு என்று அதில் இருக்கும். அதனால்தான் "நான் நிரப்பவில்லை, ஏஜென்ட் நிரப்பினார்" என்ற பதில் எடுபடுவதில்லை. தட்டச்சு செய்தது யாராக இருந்தாலும் கையெழுத்தோ ஓ.டி.பி.யோ உங்களுடையது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. பாலிசியில் இருக்கும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பல ஏஜென்டுகள் தங்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஓ.டி.பி., கம்பெனியின் கேள்விகள், ரத்து நோட்டீஸ் எல்லாம் அவருக்குத்தான் போகும். உங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

2. முதலில் பார்க்க வேண்டியது என்.சி.பி.

க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடிதான் என்.சி.பி. தொடர்ந்து ஒரு வருடம் க்ளெய்ம் இல்லை என்றால் 20 சதவீதம், இரண்டு வருடம் 25, மூன்று வருடம் 35, நான்கு வருடம் 45, ஐந்து வருடம் 50. நடுவில் ஒரு க்ளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். இந்தத் தள்ளுபடி நம் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான், மற்றவர்களுக்கு நம் காரால் ஏற்படும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்குக் கிடையாது.

கம்பெனி மாற்றிப் புதுப்பிக்கும்போதுதான் பொய் நுழைகிறது. புதிய கம்பெனியின் இணையதளம் "போன வருடம் க்ளெய்ம் எடுத்தீர்களா?" என்று கேட்கும். "இல்லை" என்று அழுத்தினால் உடனே விலை குறையும். கூடவே ஓர் உறுதிமொழியும் வரும். நான் சொன்ன என்.சி.பி. சரியானது, போன பாலிசிக் காலத்தில் க்ளெய்ம் எதுவும் எழவில்லை, இது தவறென்று தெரியவந்தால் ஓன் டேமேஜ் பகுதியின் பலன்கள் எல்லாவற்றையும் இழக்கச் சம்மதம் என்பது அதன் சாரம். இதை யாரும் படிப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 35 சதவீத என்.சி.பி. என்றால் 4,200 ரூபாய் குறையும். 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் மிச்சம் 4,956 ரூபாய். இந்தத் தொகைக்காக ரேடியேட்டர், பானட், ஏர்பேக் என்று லட்சத்தைத் தாண்டக்கூடிய ஒரு பில்லை முழுதாக நம் தலையில் ஏற்றிக்கொள்கிறோம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் சில:

கண்ணாடி மாற்ற வாங்கிய சின்ன க்ளெய்மைப் பலர் க்ளெய்மாகவே நினைப்பதில்லை. என்.சி.பி. பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இல்லாவிட்டால் அதுவும் கணக்கில் வரும்.

என்.சி.பி. ஆளுக்குச் சொந்தம், காருக்கு அல்ல. விற்பவரின் 50 சதவீதம் வாங்குபவருக்கு வராது. "வண்டிக்கு 50 பெர்சென்ட் இருக்கு சார்" என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். பழைய காரை விற்றுவிட்டுப் புதிது வாங்குகிறவராக இருந்தால், உங்கள் கம்பெனியிடம் என்.சி.பி. கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குள் அதைப் புதிய காருக்குப் பயன்படுத்தலாம்.

பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் என்.சி.பி. போய்விடும். 90 நாள் தாண்டிய பிறகு தேதியை மாற்றிப் போட்டு வாங்கிக் கொடுக்கிறேன் என்பவர்களிடம் போகவே வேண்டாம்.

பழைய க்ளெய்ம் கம்பெனிக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பாலிசி, க்ளெய்ம் விவரங்கள் இன்சூரன்ஸ் தகவல் மையத்தில் சேர்கின்றன. பழைய கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டாலும் தெரிந்துவிடும். ஆனால் பாலிசி கொடுக்கும்போது இதை ஆழமாகப் பார்ப்பதில்லை. பணம் கொடுக்க வேண்டிய நேரத்தில்தான் பார்க்கிறார்கள்.

3. பழைய கார் வாங்கினால், 14 நாள் என்பதை மறக்காதீர்கள்

ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டால் இன்சூரன்ஸும் தானாக மாறிவிடும் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவுப்படி, கார் கைமாறிய 14 நாளுக்குள் வாங்கியவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி கவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. உங்கள் காரின் சேதத்துக்கு அது கிடைக்காது. விற்றவருக்கு அந்தக் காரில் இனி உரிமை இல்லை, வாங்கியவருக்குக் கம்பெனியோடு ஒப்பந்தமே இல்லை என்று இரண்டு பக்கமும் கதவு சாத்தப்படும்.

இந்த இடத்தில்தான் சிலர் குறுக்கு வழி சொல்வார்கள்: "பழைய ஓனர் பெயரிலேயே க்ளெய்ம் போட்டுடலாம், அவர் ஓட்டினதா சொல்லிடுவோம்." செய்யாதீர்கள். ஆர்.சி. மாறிய தேதி அரசின் வாகன் தளத்தில் இருக்கிறது. விபத்துத் தேதி அதற்குப் பின்னால் என்றால் அந்த ஒரு வரியிலேயே கதை முடிந்தது. பழைய உரிமையாளரையும் சேர்த்து மாட்டிவிட்டதாக ஆகும்.

பெயர் மாற்றத்துக்கு வேண்டியவை: பெயர் மாறிய ஆர்.சி. (கைக்கு வரத் தாமதமானால் படிவம் 29, 30ன் நகலும் ஆர்.டி.ஓ. ரசீதும்), பழைய பாலிசி, விற்பவரின் சம்மதக் கடிதம், உங்கள் அடையாளச் சான்று, புதிதாக உங்கள் கையெழுத்துடன் ப்ரொபோசல் ஃபார்ம். மாற்றுக் கட்டணம் சிறியதுதான். என்.சி.பி. வித்தியாசத்தைத்தான் கட்ட வேண்டியிருக்கும். மேலே சொன்ன கணக்கில் பாலிசிக்கு இன்னும் ஆறு மாதம் மீதி என்றால் 2,100 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், ஏறக்குறைய 2,478 ரூபாய். காரின் விலையைப் பேசும்போதே இதையும் பேசிக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் ஒருமுறை காரை நேரில் பார்த்தபிறகே மாற்றிக் கொடுக்கும்.

4. மற்ற கட்டங்கள்: பயன்பாடு, கேஸ் கிட், தள்ளுபடிகள்

ஓன் போர்டு காரை வாடகைக்கு ஓட்டுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. பாலிசியில் 'தனிப்பட்ட பயன்பாடு' என்று இருக்கும். விபத்து நடந்ததும் உள்ளே இருந்தவர்களை "சொந்தக்காரங்க" என்று சொல்லச் சொல்வார்கள். விசாரணைக்கு வருபவர் பயணிகளைத் தனித்தனியாகக் கேட்பார். பணம் கொடுத்தோம் என்று ஒருவர் சொன்னால் போதும். பயன்பாட்டு நிபந்தனையை மீறிய ஒரு வழக்கில், கம்பெனி முழுவதுமாகக் கைவிரிக்கக் கூடாது, இப்படிப்பட்ட மீறல்களுக்கு 75 சதவீதம் வரை கொடுக்கும் வழிமுறை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2010ல் எடுத்துச் சொன்னது. அந்த வாய்ப்பு நிபந்தனை மீறலுக்கு. பொய்யான வாக்குமூலமும் சேர்ந்துவிட்டால் அதை நம்ப முடியாது. தொடர்ந்து வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால் டி போர்டுக்கு (வாடகை வண்டியாக) மாற்றி, அதற்குரிய பாலிசி எடுப்பதுதான் வழி.

வெளியே பொருத்திய சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் இருந்தால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏறியிருக்க வேண்டும். வாகன இன்சூரன்ஸுக்கான பொதுக் கட்டண விதிகளான மோட்டார் டாரிஃபின்படி கிட்டின் மதிப்பில் 4 சதவீதம், அதோடு தேர்ட் பார்ட்டி பக்கம் 60 ரூபாய், அவ்வளவுதான் கூடுதல். 40,000 ரூபாய் கிட்டுக்கு 1,660 ரூபாயும் வரியும் வரும். கார் தீப்பிடித்தால் முதலில் கேட்பது இதைத்தான்.

திருட்டுத் தடுப்புக் கருவிக்கான தள்ளுபடியையும் கவனியுங்கள். அதற்கு வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் ஒப்புதல் பெற்ற கருவியும் சான்றிதழும் வேண்டும். கிடைக்கும் தள்ளுபடி அதிகபட்சம் 500 ரூபாய். கருவியே இல்லாமல் இந்தக் கட்டத்தில் டிக் போட்டு வைத்திருப்பார்கள், கார் திருடுபோனால் இதே டிக் எதிராக நிற்கும்.

5. பாலிசி காலாவதி ஆகியிருந்தால்

ஒரு நாள் விட்டுப்போயிருந்தாலும் கம்பெனி காரைப் பார்த்துவிட்டுத்தான் முழுக் கவர் தரும். இப்போது பெரும்பாலும் ஆப்பில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இடிபட்டிருந்தால் அதையும் காட்டுங்கள். அந்த இடத்துக்கு மட்டும் க்ளெய்ம் கிடைக்காது, மற்ற இடங்களுக்குக் கவர் இருக்கும்.

முதலில் இடித்துவிட்டு அப்புறம் பாலிசி எடுத்து, தேதியைத் தள்ளிப்போட்டு க்ளெய்ம் கேட்பது மோசடிதான், அதற்கு வேறு பெயர் இல்லை. பாலிசி தொடங்கிய சில நாட்களுக்குள் வரும் க்ளெய்ம்களைக் கூர்ந்து பார்ப்பார்கள். ஃபாஸ்டேக் பதிவு, ஒர்க்‌ஷாப் நுழைவுப் பதிவேடு, மீட்பு வண்டி ரசீது, புகைப்படம் எடுத்த நேரம் எல்லாவற்றையும் கேட்க முடியும்.

6. தவறு கண்ணில் பட்டால்: எண்டார்ஸ்மென்ட்

இதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான படி. விபத்து நடக்காத வரை எல்லாத் தவறையும் சரிசெய்யலாம், செலவும் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். விபத்து நடந்த மறுநாள் இதே திருத்தத்துக்கு மதிப்பில்லை.

ஏஜென்டிடம் வாயால் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். கம்பெனிக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். தமிழிலா ஆங்கிலத்திலா என்று தயங்க வேண்டாம், விஷயம் தெளிவாக இருந்தால் போதும்: பாலிசி எண், கார் எண், எந்தத் தகவல் தவறு, எது சரி, வித்தியாசப் பிரீமியம் எவ்வளவு கட்ட வேண்டும். முந்தைய பாலிசியின் நகலை இணையுங்கள். என்.சி.பி. விஷயம் என்றால் க்ளெய்ம் வாங்கிய தேதியையும் சொல்லிவிடுங்கள்.

அவர்கள் தொகை சொன்னதும் கம்பெனியின் தளத்தில் கட்டுங்கள், ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கு அனுப்ப வேண்டாம். பிறகு பாலிசியில் செய்த திருத்தத்தைக் காட்டும் எண்டார்ஸ்மென்ட் என்று ஒரு பக்கம் தனி எண்ணோடு வரும். அது வரும்வரை விடாதீர்கள். பணம் கட்டிய ரசீது மட்டும் போதாது. வந்ததும் திருத்தம் சரியாக ஏறியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

7. விபத்துக்குப் பிறகு: நடந்ததை நடந்தபடி

படிவத்தில் எல்லாம் சரியாக இருந்தும் க்ளெய்ம் ஃபார்மில் பொய் சொல்லிக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். இதில் எனக்கு வருத்தம் தருவது என்னவென்றால், பாதிப் பொய்கள் தேவையே இல்லாதவை.

மகனோ நண்பரோ ஓட்டினார், ஆனால் பாலிசி அப்பா பெயரில் இருக்கிறது என்பதால் அப்பா ஓட்டியதாக எழுதுவார்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கிற யார் ஓட்டினாலும் தனியார் கார் பாலிசி கவர் தரும். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் கூட, பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்து, எல் போர்டு மாட்டி, விதிப்படி ஓட்டியிருந்தால் கவரில் வருவார். உண்மையைச் சொன்னால் கிடைக்கக்கூடிய பணத்தைப் பொய் சொல்லி இழக்கிறார்கள்.

லைசென்ஸே இல்லாதவர் ஓட்டினார் என்றால் நிலைமை வேறு. ஓன் டேமேஜ் கிடைக்காது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஓட்டியது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, காரின் பதிவும் 12 மாதம் ரத்தாகும். ஆளை மாற்றிச் சொன்னால் இது தீராது, இதன்மேல் இன்னொரு குற்றம் சேரும். குடித்திருந்தாலும் அப்படியே. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதியது பிறகு மாறாது.

தாமதத்தை மறைக்கத் தேதியை மாற்றுவதும் தேவையில்லாத பொய்தான். கார் திருடுபோய், போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. அதனால் சரியான தேதியைப் போட்டு, தாமதத்துக்கு உள்ள உண்மையான காரணத்தை எழுதுங்கள். திருட்டு க்ளெய்மில் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று ஏற்கெனவே தொலைந்திருந்தால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள், டூப்ளிகேட் அடித்துக் கொடுக்காதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் "பழைய கீறலையும் இதிலேயே சேர்த்துடலாம்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெற்று க்ளெய்ம் ஃபார்மில் கையெழுத்துப் போடாதீர்கள். நிரப்பிய பிறகு போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆர்.சி., ஓட்டியவரின் லைசென்ஸ், பாலிசி, சம்பவ இடத்தின் படங்கள், மற்றவருக்குக் காயமோ பொருள் சேதமோ இருந்தால் எஃப்.ஐ.ஆர். அல்லது சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கு போலீஸ் தருவது). இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024ல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி 24 மணி நேரத்தில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும், 15 நாளில் அறிக்கை, அதிலிருந்து 7 நாளில் முடிவு.

8. பொய் வெளிப்பட்டால் போவது எதுவரை

க்ளெய்ம் மறுப்பு முதல் படிதான். மோசடி என்று நிறுவப்பட்டால் ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்துப் பாலிசியையே ரத்து செய்ய முடியும்.

பலருக்குத் தெரியாதது தேர்ட் பார்ட்டி பக்கம். முக்கியமான தகவலை மறைத்தோ பொய்யாகச் சொல்லியோ வாங்கிய பாலிசி செல்லாது என்ற வாதத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவு கம்பெனிக்குத் தருகிறது. பாதிக்கப்பட்டவர் கைவிடப்படக் கூடாது என்பதால், முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்று தீர்ப்பாயங்கள் சொல்வதுண்டு. ஓர் உயிரிழப்புக்கான இழப்பீடு பல லட்சங்கள் போகும். அந்தத் தொகைக்கு வீடும் நிலமும் பொறுப்பாகும்.

இட்டுக்கட்டிய விபத்து, போலி பில், ஆள்மாறாட்டம் எல்லாம் போலீஸ் வழக்காகவும் ஆகலாம். ஏமாற்றிப் பொருள் பெறுவதற்குத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் ஏழு வருடம் வரை சிறை உண்டு.

9. உங்கள் தவறு இல்லாமலே மறுப்புக் கடிதம் வந்தால்

முதலில் மறுப்பை எழுத்தில், எந்த நிபந்தனையின் கீழ் என்ற விவரத்தோடு வாங்குங்கள். போனில் சொன்னால் ஏற்காதீர்கள். அப்புறம் அதே கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், அவர்களுக்கு இரண்டு வாரம் அவகாசம். கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற இலவச எண்ணிலும் பதிவு செய்யலாம்.

என்.சி.பி. தகராறு என்றால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள். மோட்டார் டாரிஃபின் பொது விதி 27, பாலிசி கொடுத்த 21 நாளுக்குள் பழைய கம்பெனியிடம் எழுதிக் கேட்டு என்.சி.பி.யை உறுதிசெய்யச் சொல்கிறது. "அதைச் செய்தீர்களா, அந்தக் கடிதத்தின் நகல் எங்கே?" என்று எழுத்தில் கேளுங்கள். பிரீமியத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டு, க்ளெய்ம் வந்தபின் மட்டும் விதியைக் காட்டுவது சரியா என்பது இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரியான ஆம்புட்ஸ்மேன் முன்பும் நுகர்வோர் ஆணையத்தின் முன்பும் எடுத்துவைக்கத் தகுந்த வாதம். எங்கள் விஷயத்தில் பேச்சு நகர்ந்தது இந்தக் கேள்விக்குப் பிறகுதான். முழுத்தொகை கிடைக்கவில்லை, ஒரு பகுதி கிடைத்தது. தெரிந்தே பொய் சொன்னவருக்கு இது கைகொடுக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கம்பெனி மறுத்தாலோ ஒரு மாதம் பதில் இல்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை அலுவலகம். 50 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களை எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது, நீங்களே பேச வேண்டும். இறுதி மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம் அவகாசம், ஆனால் அங்கே வழக்குப் போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார். ஆகையால் முதலில் ஆம்புட்ஸ்மேன், அங்கே திருப்தி இல்லாவிட்டால் ஆணையம் என்ற வரிசையில் போங்கள். புகாரோடு ப்ரொபோசல் ஃபார்ம், பாலிசி, மறுப்புக் கடிதம், மின்னஞ்சல் அச்சுப் பிரதிகள், ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட், பில், சர்வேயர் அறிக்கையின் நகல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். சர்வேயர் அறிக்கையைக் கம்பெனியிடம் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.